இரண்டு சாண் ஸ்பீக்கருக்கு எத்தனை வோல்ட்?

பயம் வந்தால் சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு வாய் ஓடும். வீட்டுக்குள் பாம்பு வந்தால் மற்றவர்கள் கம்பைத் தேடுவார்கள். நான் அந்தப் பாம்பு எந்தப் பக்கத்தது, அதற்கு எத்தனை பிள்ளைகள், மூத்தவன் என்ன செய்கிறான் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கேட்கிறவர்கள் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். இந்த வியாதியால் நான் பட்ட பாடுகளில் பெரியது, ஒரு பழைய ஸ்பீக்கருக்கு எத்தனை வோல்ட் என்று கேட்கப்பட்ட அன்று தொடங்கியது.

ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். திருவரங்குளத்துக்கு வெளியே ஒரு டூரிங் டாக்கீஸில் நான் ஆபரேட்டர். கீற்றுக் கொட்டகை, மணல் தரை, பின்னால் கொஞ்சம் பெஞ்சு, கரண்டுக்கு எங்கள் சொந்த ஆயில் என்ஜின். திரைக்குப் பின்னால் மார்பளவு உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நிற்கும். அதற்குள் குறுக்கே இரண்டு சாண் வருகிற ஒரு பேஸ் ஸ்பீக்கர். நாங்கள் அதை மொடா என்போம். வசனமும் வளையல் சத்தமும் மேலே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து வரும். இடி, குதிரைக் குளம்பு, அரக்கன் சிரிப்பு எல்லாம் மொடாவின் பொறுப்பு.

இப்போது வருகிற ஸ்பீக்கர்களின் முதுகில் காந்தம் இருக்கிறது. மொடா சமஸ்தான காலத்துச் சரக்கு. அதற்குச் சொந்தக் காந்தம் கிடையாது. ஓர் இரும்புக் கட்டையைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதற்குத் தனியாகக் கரண்டு கொடுத்தால்தான் இரும்பு காந்தமாகும், ஸ்பீக்கர் வாயைத் திறக்கும். குறைவாகக் கொடுத்தால் முனகும். அதிகமாகக் கொடுத்தால் சுருள் கருகிவிடும். அப்புறம் அது பெட்டி மட்டும்தான், கோழி அடைக்கலாம். எத்தனை வோல்ட் என்பதும், எந்தக் கம்பெனி என்பதும், மற்ற விவரமும் அதன் முதுகில் திருகியிருந்த பித்தளைத் தகட்டில் அச்சடித்து இருந்தது. 'இருந்தது' என்று எழுதும்போதே இன்றைக்கும் கை வேர்க்கிறது.

தேர்த் திருவிழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், ஒட்டிய ரீலைச் சரிபார்க்க ஓட்டிக்கொண்டிருந்தேன். மொடாவுக்குக் கரண்டு கொடுக்கிற தகரப்பெட்டி தார் உருகும் நாற்றத்தோடு புகைந்து நின்றுபோனது. திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் அடிப்பிடித்த பாயசம் மாதிரி ஒட்டிக் கிடந்தது. குழாயை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அந்தப் படத்தின் வில்லன் பல்லி மாதிரி சிரித்தான். திருவிழா வாரத்துக்குப் பேசி வைத்திருந்ததோ ஒரு புராணப் படம். அதில் அரக்கன் சிரிக்கிறதைக் கேட்கத்தான் ஆலங்குடியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் முதலாளி கோட்டைப்பட்டினத்துக்காரர். கடற்கரையில் கருவாட்டு வியாபாரம், இங்கிட்டு சினிமா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பயமே அதில்தான். சத்தம் போடுகிற மனுஷர் எப்போது ஓய்வார் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்கு முந்திய ஆபரேட்டர் ஒரு ரீலைத் தலைகீழாகப் போட்டுவிட்டாராம். முதலாளி அவரிடம், "ஊருக்குப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாராம். அவர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்.

முதலாளி வந்து கருகிய பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"திருச்சியில ஒரு ஆளு புதுப் பெட்டி கட்டித் தாரேங்குறாரு தம்பி. அஞ்சு நாள்ல தந்துருவாராம். நம்ம ஸ்பீக்கருக்கு எத்தனை வோல்ட்டுன்னு கேக்குறாரு. இப்ப போற லாரியில சொல்லி விடணும். எத்தன?"

"நூத்திப்பத்து முதலாளி."

"தகட்டுல ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்."

"பாக்கணுமா? நாலு வருசமா என் கையால தொட்டுத் தொடச்ச தகடு. மனப்பாடம் முதலாளி. கண்ணக் கட்டிவிட்டுக் கேளுங்க, கம்பெனிக்காரன் தாத்தா பேரு வரைக்கும் சொல்லுவேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். லாரியும் போனது. நான் அப்படியே மணலில் உட்கார்ந்தேன்.

தொட்டுத் துடைத்தது மட்டும் உண்மை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் புளியும் செங்கல் பொடியும் வைத்து அந்தத் தகட்டை நான்தான் தேய்ப்பேன். குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி, உயிரைக் கொடுத்துத் தேய்ப்பேன். பிறகு சந்தனம், அதன் நடுவில் குங்குமம். முதல் வருஷம் எழுத்தில் இருந்த கறுப்புச் சாயம் போனது. இரண்டாம் வருஷம் எழுத்துகள் மெலிந்தன. மூன்றாம் வருஷம் ஒரு சுழியும் ஒரு கோடும் மிச்சம். நாலாம் வருஷம் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். முதலாளிகூடத் தட்டிக்கொடுத்து, "தகடு தங்கமாட்டம் இருக்கே தம்பி" என்றார். நான் பூரித்துப்போய் அடுத்த நாளும் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன்.

சரி, அந்த நூற்றிப்பத்து எங்கிருந்து வந்தது? அன்றைக்குச் சாயங்காலம் வாசல் பக்கம் போனபோது கண்டுபிடித்தேன். எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று சர்க்கார் லைசென்சுப்படி எழுதி மாட்டிய பலகை அங்கே தொங்கியது. 'பெஞ்சு: 110.' தினம் பார்க்கிற எண். முதலாளி கேட்டதும் வாயில் அதுதான் நின்றிருக்கிறது. பெஞ்சில் உட்காருகிறவர்களின் தொகையை நான் ஸ்பீக்கரின் வோல்ட்டாகத் திருச்சிக்கு அனுப்பிவிட்டேன். தரை டிக்கெட் எண்ணிக்கை வாயில் வந்திருந்தால் மொடா வெடித்தே போயிருக்கும்.

அந்த ராத்திரி தூங்கவில்லை என்று எழுதினால் அது சாதாரண மனுஷர்களின் பயம். நான் நன்றாகத் தூங்கினேன். கனவில் முதலாளி வந்து, "ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றார். கனவிலேயே மூட்டையும் கட்டினேன்.

காலையில் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனேன். கீழராஜ வீதியில் ஒரு ரேடியோ மெக்கானிக் எனக்குப் பழக்கம். வெளிநாட்டு ஸ்பீக்கர்களின் விவரமெல்லாம் போட்ட தடிப் புத்தகம் ஒன்று அவரிடம் உண்டு. அதை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்தார்.

"கம்பெனி பேரு?"

"தெரியாதுண்ணே."

"மாடல் நம்பரு?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"திருவரங்குளம்."

"ஒன் ஊரக் கேக்கலய்யா. ஸ்பீக்கரோட ஊரு!"

"அதுவும் இப்ப திருவரங்குளந்தாண்ணே."

அவர் புத்தகத்தை மூடப் பார்த்தார். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "குறுக்க ரெண்டு சாண் இருக்கும்" என்றேன். என் கையை வாங்கி ஸ்கேலில் வைத்து அளந்தார். ஒன்பது அங்குலம். "அப்ப பதினெட்டு இஞ்சு" என்று ஒரு பக்கத்தைப் புரட்டினார். எனக்கு உயிர் வந்தது. அந்தப் பக்கத்தில் அவர் விரல் இறங்க இறங்கப் போய்விட்டது.

"பதினெட்டு இஞ்சுல இத்தனை தினுசு இருக்கு. இது எரநூத்தி இருவது வோல்ட்டு. இது நூத்திப்பத்து. இங்க பாரு, இது பன்னெண்டே வோல்ட்டு, கார் பேட்டரியில ஓடுறது. எல்லாம் வெளிய பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

"ஏண்ணே, பேச்சுக்குக் கேக்குறேன். பன்னெண்டு வோல்ட்டுக்குச் சுத்துனதுல நூத்திப்பத்த விட்டா?"

"சோளப்பொரி."

"வந்து ஒங்க மீட்டர வச்சுப் பாத்துச் சொல்லிருங்களேன்."

"மீட்டரு முள்ளு ஒடைஞ்சு மெட்ராசுக்குப் போயிருக்கு. வர்றதுக்கு மாசமாகும்." அவர் புத்தகத்தைத் துணியில் சுற்றினார். முக்கால்வாசி சுற்றியதும் நின்றார். "ஏன்யா, அது சமஸ்தானத்துல ஒரு ஹாலுக்கு வந்ததுல்ல? ஜோடியாவுல்ல வந்துச்சு. இன்னொண்ணு மணமேல்குடிக் கொட்டகையில இருக்கு. அங்கிட்டுப் போய்த் தகட்டப் பாரு."

அவர் காலில் விழாத குறை. விழுந்திருப்பேன், கீழே சாலிடர் ஈயம் தெறித்துக் கிடந்தது.

மறுநாள் அறந்தாங்கி போய் பஸ் மாறி மணமேல்குடியில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. உப்புக் காற்று. சவுக்குத் தோப்பை ஒட்டி அந்தக் கொட்டகை. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகைக்காரருக்கும் எங்கள் முதலாளிக்கும் படங்களை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதில் போட்டி. அங்கே போனேன் என்று முதலாளிக்குத் தெரிந்தால், தகடு தேய்ந்த குற்றத்தோடு ரகசியம் விற்ற குற்றமும் சேரும். ஆகவே யாரும் பார்க்காமல் கீற்றை விலக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தேன். உள்ளே என்னைவிடப் பத்து வயது சின்ன ஆள் ஒருவர் ரீல் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகை ஆபரேட்டர்.

"யாரது? டிக்கெட்டு சாயங்காலந்தான்."

"பொண்ணு பாக்க வந்தேன்" என்றேன். வாய் ஓட ஆரம்பித்துவிட்டது.

"கொட்டகைக்குள்ளயா?"

"எனக்கில்ல, எந் தம்பிக்கு. போற வழியில சித்த நெழலுக்கு ஒதுங்குனேன். பொண்ணு நல்ல பொண்ணு. நகையெல்லாம் நாங்க கேக்கல. தம்பி சர்வேயரு."

"எந்த வீட்டுப் பொண்ணு?"

"அந்த... கடலுக்குப் பக்கத்து வீடு."

"இங்க எல்லா வீடும் கடலுக்குப் பக்கத்து வீடுதான்." அவர் எழுந்து வந்து என் சட்டையை முகர்ந்து பார்த்தார். "பிலிம் ஒட்டுற பசை வாடை அடிக்குது. நீங்க எந்தக் கொட்டகைண்ணே?"

எனக்குத் தம்பியே கிடையாது. அதையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பெஞ்சு, திருச்சி, சோளப்பொரி வரைக்கும் சொல்லி முடித்தபோது அவர் சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "வாங்க" என்று திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே எங்கள் மொடாவின் கூடப்பிறந்தது நின்றது. ஓடிப்போய் அதன் முதுகைப் பார்த்தேன். தகட்டில் என் முகம் தெரிந்தது. மூக்கு, மீசை, நெற்றி வேர்வை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஒரு எழுத்துக்கூட இல்லை.

"ஆயுத பூசைக்கா?" என்றேன்.

"ஆமாண்ணே. நான் எலுமிச்சம்பழமும் சேத்துக்கிருவேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். இழவு வீட்டில்கூட நான் அப்படி நின்றதில்லை.

"அப்ப எப்படி ஓட்டுறீங்க?"

"எங்க பெட்டியும் போன வருசம் போச்சுண்ணே. எத்தனை வோல்ட்டுன்னு எனக்கும் தெரியாது. கைச்சூடு பாத்துத்தான் வச்சேன்." அவர் விளக்கினார். புதுப் பெட்டியை நேராக மாட்டக் கூடாது. நடுவில் மூன்று பல்பை வரிசையாகக் கோத்து, அவை வழியாகக் கரண்டை விட வேண்டும். பல்பு பளீரென்று எரிந்தால் அது குறைந்த வோல்ட் சுருள். உடனே நிறுத்திவிட வேண்டும். மங்கலாக எரிந்தால் தப்பித்தோம்; ஒவ்வொரு பல்பாகக் கழற்றி ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் இரும்புக் கட்டையின்மேல் உள்ளங்கையை வைத்திருக்க வேண்டும். "கை பொறுக்குற சூடு வரைக்கும் ஸ்பீக்கரும் பொறுக்கும். கை பொறுக்கலன்னா எறக்கிரணும். அம்புட்டுத்தான்."

"கரண்டு அடிக்காதா?"

"நல்லாருந்தா அடிக்காது."

"நல்லாருக்கான்னு எப்படித் தெரியும்?"

"அடிக்கலன்னாத் தெரியும்ணே."

அடுத்த நாள் முழுக்க நடுவில் மாட்ட மூன்று பல்பும் வயரும் தேடி அலைந்தேன். அதற்கடுத்த நாள் முதலாளி வந்ததும் அவரைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடுவது என்று திட்டம். பெட்டி வர இன்னும் ஒரு நாள் இருந்தது. திருச்சிக்காரர் கெட்டிக்காரர், ஒரு நாள் முன்னாலேயே முடித்துக் கொடுத்துவிட்டார். நான் பல்புகளைத் துண்டில் முடிந்துகொண்டு கொட்டகைக்குள் நுழைந்தபோது, புதுப் பெட்டி மொடாவுக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்தது. அதன் முகப்பில் பெரிதாக 110 என்று எழுதியிருந்தது. முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வயரை மொடாவின் முனையில் சுற்றிக்கொண்டிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்விட்சைப் போடுவது ஒன்றுதான் பாக்கி.

"வாங்க தம்பி. ஒங்க கணக்குப்படியே கட்டியிருக்காரு. நானே மாட்டிப் பாக்கலாம்னு..."

"ரொம்ப நல்லது முதலாளி. பெட்டி அம்சமா இருக்கு. பெயிண்டு நல்ல பெயிண்டு. திருச்சியில மழையா? இந்த வருசம் தேரு நேரத்துலயே வந்துரும்ங்குறாங்க..."

அவர் கை ஸ்விட்சுக்குப் போனது. என் வாய் மழையிலிருந்து மாட்டுச் சந்தைக்குப் போய், அங்கிருந்து கருவாட்டு விலைக்கு வந்தது. கால் நகரவில்லை. அவர் விரல் ஸ்விட்சைத் தொட்டது.

"பெஞ்சு முதலாளி!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அது பெஞ்சுக் கணக்கு. வாசப் பலகையில போட்டுருக்குற கணக்கு. வோல்ட்டு எனக்குத் தெரியாது. தகட்டுல ஒண்ணும் இல்ல. நாந்தான் தேச்சுட்டேன். புளி போட்டு. நாலு வருசமா."

முதலாளி மொடாவைச் சுற்றி வந்து, குனிந்து, தகட்டைப் பார்த்தார். விரலால் ஒரு தடவை தடவினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். நான் மனசுக்குள் மூட்டை கட்டத் தொடங்கி, பாயைச் சுருட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"துண்டுல என்ன?" என்றார்.

"பல்பு முதலாளி."

எப்படி என்று சொன்னேன். எங்கே கற்றேன் என்பதையும் சொன்னேன், வாய் நிற்கவில்லையே. மணமேல்குடி என்றபோது அவர் புருவம் மட்டும் ஏறி இறங்கியது. "மாட்டுங்க" என்றார்.

மூன்று பல்பையும் கோத்தேன். ஒரே முடிச்சை மூன்று தடவை போட்டேன். ஸ்விட்சைப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பளீரென்றால் இமை வழியாகவே தெரியும். தெரியவில்லை. ஒரு கண்ணைத் திறந்தேன். பல்பு கம்பிகள் அணையப்போகிற ஊதுவத்தி நுனி மாதிரி செக்கச் சிவந்து, வெளிச்சமே இல்லாமல் இருந்தன.

"கைய வைங்க" என்றார் முதலாளி.

வைத்தேன். கரண்டு அடிக்கவில்லை. ஆனால் சுட்டது. "சுடுது முதலாளி!" என்று இழுத்துக்கொண்டேன். அவர் தன் கையை வைத்துப் பார்த்தார். "இரும்பு ஜில்லுன்னு இருக்கு தம்பி. ஒங்க கைதான் சுடுது." முகத்தில் சிரிப்பில்லை. நான் கையை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

அரை மணிக்கு ஒரு பல்பைக் கழற்றினோம். வெயில் கீற்று ஓட்டைகள் வழியாக மணலில் புள்ளி போட்டிருந்தது. அந்தப் புள்ளிகள் நகருவதை வைத்து முதலாளி நேரம் சொன்னார். ஒரு பக்கம் என் உள்ளங்கை, இன்னொரு பக்கம் அவர் உள்ளங்கை. பேசவில்லை. நானும் பேசவில்லை, என் வாழ்நாளிலேயே அதிக நேரம் பயந்து சும்மா இருந்தது அன்றைக்குத்தான். கடைசிப் பல்பையும் எடுத்து முழு நூற்றிப்பத்தையும் நேராகக் கொடுத்தோம். இரும்பு மெல்ல மெல்லச் சூடாகி, காய்ச்சல்காரன் நெற்றியளவுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு அரை மணி பார்த்தோம். ஏறவில்லை.

"இதுக்கு மேலயும் தாங்கும் போல" என்றார் முதலாளி.

"தாங்கும். எனக்குத்தான் தாங்காது முதலாளி."

ரீலைப் போட்டேன். வில்லன் சிரித்தான். பழைய மொடாவின் சிரிப்பு இல்லை. ஜலதோஷம் பிடித்த பெரிய மனுஷர் சிரிக்கிற மாதிரி இருந்தது. ஆனால் பல்லி இல்லை. முதலாளி திரைக்கு முன்னால் போய், பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார்.

"திருவிழாவுக்குப் போதும். படம் ஓடுற நேரமெல்லாம் அப்பப்ப வந்து கை வச்சுப் பாத்துக்கங்க." மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். "தம்பி, தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க. நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்?"

"இனிமே சத்தியமா அப்படித்தான் முதலாளி."

கீற்றுக் கதவு வரைக்கும் போனவர் திரும்பினார். "இன்னைக்கு ஆட்டத்துக்கு என்ஜினுக்கு ஆயில் இருக்குல்ல?"

"டின்னு நெறைய இருக்கு முதலாளி" என்றேன்.

அவர் தலை மறைந்ததும் என்ஜின் கொட்டகைக்கு ஓடினேன். டின்னைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன்.